ஆவுடைத்தங்கத்தை அறிந்தவள்

அக்காவைப் பார்த்ததும் உலகம்மைக்கு முதலில் தோன்றியது, இவள் எப்போது இப்படி மெலிந்துபோனாள் என்பதுதான். நேற்றுச் சாயங்காலம் வீடியோவில் பேசியபோதுகூடக் கன்னம் நிறைந்து, மூக்குத்தி பளபளக்க, "என்னட்டி, சாப்டியா?" என்று சிரித்த முகம் அது. இரண்டாவதாகத் தோன்றியதை அவள் பின்னுக்குத் தள்ளினாள். தள்ளியும் அது போகவில்லை. பெஞ்சின் ஓரத்தில், பையை மடியில் வைத்து அதன் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்மேல் முந்தானைகூடப் படாமல் உட்கார்ந்திருப்பவள் ஆவுடைத்தங்கம்தான். உலகத்தில் வேறு யாரும் அப்படி உட்கார மாட்டார்கள்.

அப்படியென்றால் நேற்றுப் பேசியது யார்?

திருநெல்வேலி அறிமுக மையத்தின் கூடத்தில், வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில், உலகம்மை நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் "தள்ளி நில்லுங்கம்மா" என்றார். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் கோபத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அக்காவின் பெயரைத் தன் பெயர் என்று சொல்லிக்கொண்டு எவளோ ஒருத்தி மையத்தில் முறையிட்டிருக்கிறாளாம், அறிந்தவர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் கிளம்பினாள். "நீ ஒண்ணும் பயப்படாதக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று காலையில் போனில் தைரியம்கூடச் சொல்லியிருந்தாள். "நீ இருக்கும்போது எனக்கென்னட்டி பயம்" என்று அந்தப் பக்கம் குரல் தழுதழுத்தது.

அந்தத் தழுதழுப்பை இப்போது அவள் பெஞ்சில் இருந்தவளின் முகத்தோடு பொருத்திப் பார்த்தாள்.

காகிதங்கள் செத்துப்போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆரம்பத்தில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சுரண்டையில் ஒருவன் தன் கிடாவுக்கு வாக்காளர் அட்டை எடுத்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டான். பிறகு வேடிக்கை போய்விட்டது. செத்தவர்கள் நிலம் விற்றார்கள். பார்த்தேயிராத ஆணுக்கு ஒருத்தி மனைவியாக இருந்தாள், பத்திரத்தில். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, கைரேகை, கண்ணின் பாவை என்று எதைக் கேட்டாலும் இயந்திரம் நொடியில் செய்து கொடுத்தது. மங்கலும் மடிப்பும் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக் கொடுத்தது. போலியைப் பிடிக்க அரசாங்கம் ஓர் இயந்திரம் வைத்தால், போலி செய்கிற இயந்திரம் அதனிடமே பாடம் படித்துக்கொண்டது. கடைசியில் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. இனிமேல் காகிதம் எதுவும் செல்லாது, ஒரு மனிதரை மனிதர்தான் அறிய முடியும், ஒவ்வொருவருக்கும் உயிரோடிருக்கிற மூன்று பேர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொன்னால் போதும் என்று சட்டம் வந்தது. அறிந்தவர் சான்று என்று அதற்குப் பெயர். உறவைச் சேர்த்துவைக்கும் சட்டம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. பேச்சில்லாத பங்காளிகள் பேசிக்கொண்டார்கள். மருமகளுக்கு மாமியார் காப்பி போட்டுக் கொடுத்தாள். சான்று வேண்டுமே.

யாருமில்லாதவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆவுடைக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளை அறிந்த மூவரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு இப்போது சொந்த மகனையே அடையாளம் தெரியவில்லை. மிஞ்சியது தங்கை. அந்தத் தங்கையோடுதான் பேச்சு இல்லை.

உலகம்மையின் மகள் தர்ஷிகா பெரியவளான சடங்கில் முறிந்த பேச்சு அது. நலங்கு வைக்க ஆவுடை சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது உலகம்மையின் மாமியார், "அமங்கலி முன்ன நிக்கலாமா, நல்ல காரியத்துல?" என்று சபையில் கேட்டுவிட்டாள். ஆவுடை தங்கையைத்தான் பார்த்தாள். உலகம்மை கோலத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனவள் பிறகு வரவேயில்லை. மாமியார் செத்ததற்கும் வரவில்லை, தர்ஷிகா கல்யாணத்துக்கும் வரவில்லை. உலகம்மை இரண்டு தடவை கயத்தாறுக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

அப்படியிருந்தவள் ஒரு நாள் போனில் வந்தாள். "உலகு, நான்தாம்ட்டி" என்றாள். அதற்குமேல் பேச்சு வராமல் அழுதாள்.

தெரியாத எண்ணிலிருந்து உறவு என்று யார் கூப்பிட்டாலும் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று ரேஷன் கடைச் சுவரில்கூட எழுதியிருக்கிறது. மகன் என்றால் கேட்டிருப்பாள். மச்சினன் என்றால் கேட்டிருப்பாள். ஆனால் பேச்சை முறித்துக்கொண்டு போன மூத்தவள் இத்தனை வருஷம் கழித்துத் தானாக இறங்கி வந்திருக்கிறாள். அவளிடம் போய், நீ யார், நிரூபி என்று கேட்பதா? கேட்ட அந்த நிமிடமே அவள் வைத்துவிடுவாள். இந்த ஜென்மத்துக்கு அப்புறம் பேச மாட்டாள். கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தால் ஏன் போனாய் என்றுகூடக் கேட்கக் கூடாது, தண்ணீர் கொடுத்து உட்காரவைக்க வேண்டும் என்றுதான் அவளை வளர்த்திருந்தார்கள். அவள் உட்காரவைத்தாள். சடங்கு வீட்டுப் பேச்சை எடுத்ததும் அவளேதான். "அன்னைக்கு நான் வாயைத் தொறந்திருக்கணும்க்கா" என்று விம்மினாள். "மாமியா முன்னால நீ என்னட்டி செய்வ? அதை நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றது அந்தக் குரல்.

தர்ஷிகா பிறந்த நாளிலிருந்து அம்மா செத்த கதை வரை எல்லாவற்றையும் சொன்னது தான்தான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. மூன்றாவது மாதம், "என் சான்றைப் புதுப்பிக்கணும்ட்டி, புதுப்பிக்கதுக்குக் கூடப்பொறந்தவ ஒருத்தி சொன்னாப் போதுமாம், எனக்கு இருக்கது நீ ஒருத்திதானே" என்றதும் உலகம்மை குளித்து, விளக்கேற்றி, போன் முன்னால் உட்கார்ந்து முகமும் குரலும் கொடுத்தாள். இவள் என் உடன்பிறந்தவள், இவளை நான் அறிவேன் என்று சொல்லும்போது மேனி சிலிர்த்தது.

இப்போது பெஞ்சில் ஆவுடைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. உலகம்மை போய் உட்கார்ந்தாள்.

"கண்ணு தெரியுதா?" என்றாள் ஆவுடை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"யக்கா…"

"அக்காவா? உங்க அக்கா வீட்டை வித்துட்டுப் போயாச்சே. குத்தாலத்துக்குப் போயிட்டு வாரேன், பூட்டு வேற. உள்ள எவனோ கைலியைக் கட்டிக்கிட்டுப் பல் தேய்க்கான். என்னைப் பாத்து, யாரும்மா நீங்கங்கான். என் வாசல்ல நின்னுக்கிட்டு."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

"தெரியாமத்தான் சான்று குடுத்தியாக்கும். மூஞ்சி காட்டி, வாய் தொறந்து." ஆவுடை பையின் காதுகளை இறுக்கிப் பிடித்தாள். "தொறக்க வேண்டிய எடத்துல தொறக்க மாட்ட. அது உன் சுபாவம்."

உலகம்மைக்குக் கோபம் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீ பேசியிருந்தா நான் ஏன் இன்னொருத்திகிட்டப் பேசப் போறேன்? கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கினது எனக்குத்தான தெரியும். உள்ள உக்காந்து தேங்காச் சட்னி அரைச்ச."

"பொரிகடலைச் சட்னி" என்றாள் ஆவுடை.

கூடத்தில் ஒரு குழந்தை வீரிட்டது.

"பிள்ள எப்பிடி இருக்கா?" என்று கேட்டாள் ஆவுடை, குரலைத் தணித்து.

"மாசமா இருக்கா. எட்டு முடியப்போவுது. ரத்தக்கொதிப்பு ஏறுதுன்னு மதுரையில ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. படுக்கையை விட்டு எழும்பக் கூடாதாம். எந்த நிமிசமும் எடுக்க வேண்டியிருக்கும்ங்காங்க."

"இவ்வளவு நடந்திருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாட்டி உனக்கு?"

"சொன்னேன்க்கா" என்றாள் உலகம்மை. "தெனமும் சொன்னேன்."

ஆவுடை அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று உலகம்மையால் பார்க்க முடியவில்லை.

பெயர்கள் கூப்பிடப்பட்டன. ஆவுடைத்தங்கம் என்று உரிமை கோருபவர், அறிந்தவர் உலகம்மை. உள்ளே சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஜெபக்கனி என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தூக்கம் போதாத, ஆனால் கடுமையில்லாத முகம். சொல்வதைப் பதிவு செய்ய மேசையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது.

"இதை இன்னும் போடல" என்றாள் அவள், கருவியைக் காட்டி. "போடுறதுக்கு முன்னால விளக்கிச் சொல்லணும்ங்கிறது விதி. உலகம்மை அம்மா, ஆவுடைத்தங்கம்னு ஒருத்தருக்கு நீங்க போன வருஷம் சான்று குடுத்திருக்கீங்க. இப்ப இவங்க, நான்தான் அதுங்கிறாங்க. ரெண்டு பேர் இருக்க முடியாது. ஒருத்தர்தான்."

"போன்ல பேசுதவ யாரும்மா?" என்றாள் உலகம்மை. "பொம்பளையா? எங்க இருக்கா?"

"பொம்பளை இல்லம்மா. ஆளே இல்ல. உங்க குடும்பத்துப் பழைய வீடியோ, கல்யாண கேசட்டு, போன்ல நீங்க அனுப்பின குரல், இதை வச்சு இயந்திரம் பேசுது. முன்னாடி காகிதத்தைப் போலியாச் செஞ்சாங்க. காகிதம் செல்லாதுன்னு ஆனதும் உறவைச் செய்றாங்க. வீட்டைக் கைமாத்துறதுக்கு மட்டும் வயசு ஒத்துவர்ற ஒருத்தியைக் கூலிக்குக் கூட்டிட்டு வருவாங்க."

"வீட்டை வித்துட்டாங்களே, அப்புறமும் ஏன் கூப்பிடுது? இன்னைக்குக் காலையில கூட…"

"நீங்க மனசு மாறக் கூடாதுல்ல? அதுக்குத்தான். ஒரே நேரத்துல ஆயிரம் தங்கச்சிக்குப் பேசும். அதுக்கு அலுக்காது."

உலகம்மை குனிந்துகொண்டாள். சாப்டியா என்று கேட்டதன் பின்னால்கூட ஆள் இல்லை. ஆனாலும் இந்த ஒரு வருஷத்தில் அவள் பட்ட ஆறுதல் பொய்யில்லையே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ரத்தத்தைச் சோதிச்சாத் தெரிஞ்சிரும்லா?" என்றாள் ஆவுடை. "ஒரு வயித்துல பொறந்தவங்க நாங்க."

"சோதிக்கலாம்மா. ஆய்வகத்துலேர்ந்து என்ன வரும்? ஒரு காகிதம் வரும்." ஜெபக்கனி பெருமூச்சு விட்டாள். "அதனாலதான் ஆளைக் கேக்குறோம். இன்னொண்ணும் சொல்லியாகணும். இவங்கதான் அக்கான்னு நீங்க சொன்னா, போன வருஷம் நீங்க குடுத்த சான்று பொய்னு ஆகும். ஏமாந்து குடுத்தீங்களா, தெரிஞ்சு குடுத்தீங்களான்னு சட்டம் பாக்காது. அறியும் தகுதி போயிடும். அப்ப நீங்க சான்று குடுத்த எல்லாரையும் விசாரணை முடியுற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க."

"எல்லாரும்னா?"

"பதிவுல நாலு பேர் இருக்காங்க. அதுல ஒண்ணு தர்ஷிகா. உங்க மகள்தான?"

"நிறுத்தி வைக்கதுன்னா என்னம்மா அர்த்தம்?"

"பேர் இருக்காது. வங்கி, பஸ், வேலை எதுவும் நடக்காது."

"ஆஸ்பத்திரி?"

ஜெபக்கனி கருவியை லேசாக நகர்த்திவைத்தாள். "பேர் இல்லைன்னா படுக்கை குடுக்க முடியாதும்மா. அவங்க டிஸ்சார்ஜ் பண்ணித்தான் ஆகணும், இல்லைன்னா அந்த டாக்டரோட சான்றுக்கு ஆபத்து."

"எத்தனை நாளைக்கு?"

"முந்தின வருஷத்து விசாரணையே இன்னும் ஓடுது."

"அவளைப் பாத்தாலே தெரியுமே, வயித்துப் பிள்ளைக்காரின்னு…"

"தெரியும்மா. இங்க வர்ற எல்லாரையும் பாத்தாத் தெரியும். எல்லாரும் அழுவாங்க. போலிக்கு வர்றவங்க இன்னும் நல்லா அழுவாங்க." சொல்லிவிட்டு அவள் கருவியை அழுத்தினாள். சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம் வந்தது. "அறிந்தவர் சொல்லலாம். உங்க பக்கத்துல இருக்கிறது யாரு?"

உலகம்மை வாயைத் திறந்தாள். அக்கா என்று ஒரு சொல். அதைச் சொல்ல மூச்சுகூடப் பிடிக்க வேண்டியதில்லை. பேச்சு வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் மதுரையில் ஒரு கட்டில் தெரிந்தது. வீங்கிய பாதங்களைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளை தெரிந்தாள். கட்டிலை ஒருவர் வந்து தள்ளிக்கொண்டு போகிறார். மெதுவாகத்தான் போகிறார், மரியாதையாகத்தான் போகிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்ல மாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோழைத்தனமாக, யாராவது வந்து இதை நிறுத்த மாட்டார்களா என்று காத்திருந்தாள்.

"எளா ஆபீசரு" என்றாள் ஆவுடை.

ஜெபக்கனி நிமிர்ந்தாள்.

"அந்த அம்மாவ ஏன் போட்டு வதைக்க? நான் அவ அக்கா இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒருத்தன் வந்தான். கயத்தாறுல ஒரு வீடு இருக்கு, இந்தப் பேரைச் சொல்லு, கெடைக்கும்னான். வயசு ஒத்து வருதுன்னான். வந்தேன். பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்துப் பாத்தேன். அவ அசரல."

"விளையாட்டு இல்லம்மா இது. இன்னொருத்தர் பேருக்கு உரிமை கோரினா பெயரிலார் விடுதிக்குத்தான் போகணும். வெளியில எடுக்க மூணு பேர் வரணும்."

"எனக்கு யாரு வருவா?" என்று சிரித்தாள் ஆவுடை. நிஜமாகவே வேடிக்கையான ஒன்றைக் கேட்டதுபோல் இருந்தது சிரிப்பு.

"சரி. விதிப்படி ஒரு கேள்வி கேக்கணும்." ஜெபக்கனியின் குரல் மாறியிருந்தது. "ஆவுடைத்தங்கத்தோட தாயார் பேர் என்ன?"

அம்மாவின் பெயர் முப்பிடாதி. கடைசி எட்டு மாதம் அவள் படுக்கையில் கிடந்தபோது ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, அந்தப் பெயரைச் செல்லமாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கூடச் சிரிக்கவைத்தவள் ஆவுடை. அம்மா பெயரை யாராவது கேலி செய்தால் பள்ளிக்கூடத்தில் கல்லெடுத்து அடித்தவள்.

ஆவுடை கொஞ்சம் யோசிப்பதுபோல் கண்ணைச் சுருக்கினாள்.

"கோமதின்னு சொல்லிக் குடுத்தான்" என்றாள். "கோமதியம்மா."

பச்சை வெளிச்சம் அசையாமல் எரிந்தது.

"அறிந்தவரும் சொல்லணும்" என்றாள் ஜெபக்கனி, உலகம்மையைப் பார்க்காமல். "தலையாட்டினா போதாது. வாயால சொல்லணும். இவங்க உங்க அக்கா ஆவுடைத்தங்கமா?"

"இல்ல" என்றாள் உலகம்மை.

குரல் உடையவில்லை. தெளிவாக, கொஞ்சம் உரக்கவேகூட வந்தது. உள்ளே முதலில் நிறைந்தது நிம்மதிதான். பிள்ளை தப்பித்தாள் என்ற நிம்மதி. நெஞ்செல்லாம் குளிர்ந்துபோனது. துக்கம் அதற்குப் பிறகு, தாமதமாக வந்த விருந்தாளிபோல, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வந்து நின்றது. இந்த வரிசையை இனி மாற்ற முடியாது என்பதையும், சாகும்வரை தன்னைப் பற்றித் தான் அறியப்போவது இது ஒன்றுதான் என்பதையும் அவள் அந்த நாற்காலியில் இருந்தபடியே தெரிந்துகொண்டாள்.

இரண்டு பெண் காவலர்கள் வந்தார்கள். ஆவுடை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலி போலிருக்கிறது, மேசையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. போகிற போக்கில், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்வதுபோல, "பொறக்கப்போறது நல்லபடியாப் பொறக்கட்டும்மா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

ஜெபக்கனி கருவியை அணைத்தாள். "நீங்க போகலாம். உங்க சான்று செல்லும். உங்க அக்கா பேருக்கும் இனி பிரச்சினை இல்ல."

உலகம்மை எழாமல் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்மா" என்றாள் ஜெபக்கனி. மேசையில் எதையோ ஒழுங்குபடுத்திக்கொண்டே, மிக மெதுவாகச் சொன்னாள். "எத்தனையோ போலியைப் பாத்துட்டேன். ஒரு போலிகூடப் பெத்தவ பேரைத் தப்பாச் சொல்லி நான் கேட்டதில்ல. அதுக்கெல்லாம் மனப்பாடம்."

உலகம்மை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"எனக்குத் தெரிஞ்சு என்னம்மா? நான் அறிந்தவர் இல்லையே. நீங்க சொன்னதைத்தான் பதிஞ்சேன்."

அடுத்த பெயர்கள் கூப்பிடப்பட்டன. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரும், அவருடைய மகன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரும் உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். உலகம்மை எழுந்து, பெரியவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.